பொதுத் தோட்டத்தில் எதை நடக்கூடாது

கூட்டுத் தோட்டத்தைக் கெடுப்பது பூச்சி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எங்கள் தோட்டத்தை முதல் பருவத்திலேயே கெடுக்கப் பார்த்தது தக்காளி.

எங்கள் குடியிருப்பு மதுரையில் யானைமலைக்கு அருகே, ஒத்தக்கடைப் பக்கம். பூங்காவுக்கென்று ஒதுக்கி, சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த இடத்தைத் தூரோடு பெயர்த்துச் சுத்தம் செய்து பாத்தி கட்டினோம். விதை போட்டது முதல் காய் வரும்வரை எல்லோரும் ஒரே குடும்பமாகத்தான் இருந்தோம். காய் வந்த பிறகுதான் சிக்கல். முந்தின நாள் மாலை செங்காயாகத் தொங்கும் தக்காளி மறுநாள் காலையில் பழுத்து நிற்கும். அதை நாலு வீட்டார் கண்வைத்திருப்பார்கள். ஒருவர் கை முந்தினால் மற்றவர் முகம் கடுத்துவிடும். ஓய்வுபெற்ற மாமா ஒருவர், நடைப்பயிற்சி என்ற பெயரில் தக்காளிப் பாத்திக்குக் காவல் இருக்க ஆரம்பித்தார். அவரும் பறிக்கவில்லை, பிறரையும் பறிக்க விடவில்லை. கடைசியில் பாதியை மயில் கொத்தியது. மயில் தேசியப் பறவை, சட்டப் பாதுகாப்பு உள்ளது. கைதட்டி விரட்டுவதற்கு மேல் அதை ஒன்றும் செய்ய முடியாது. மாமா அதற்கும் தயங்கினார், முருகன் வாகனமாயிற்றே!

மல்லி அதைவிட மோசம். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு 2013இல் கிடைத்தது என்று பெருமையோடு நாலு செடி வைத்தார்கள். மொட்டை விடியற்காலையில் பறித்துக் கட்டினால்தான் மாலையில் தலையில் விரியும். ஆகவே முதலில் எழுகிறவருக்கே பூ. கோடையில் கொட்டிக் கிடந்தபோது யாரும் கணக்குக் கேட்கவில்லை. குளிர் காலத்தில் பூ குறையும்; தை முகூர்த்தம் வந்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விலை ஏறியதும், அந்த நாலு செடியைச் சுற்றியே பேச்சு வளர்ந்தது. இரண்டு வீட்டார் இன்றும் சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இதைத் தீர்த்துவைத்தவர், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த ஓர் அப்பத்தா. தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “தாயி, எண்ணிப் பார்க்கிற காயைப் பொதுவில் வைக்காதே. அள்ளிக் கொடுக்கிற பயிரை வை.” அவர்கள் ஊரில் கிணற்று மேட்டில் வாழையும் கறிவேப்பிலையும் நிற்குமாம்; கத்தரியும் மிளகாயும் அவரவர் கொல்லையில்தானாம். நான் கேட்ட தோட்ட ஆலோசனைகளில் இதற்கு ஈடானது வேறு இல்லை. மண்ணைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் ஆயிரம் பேர் பேசுகிறார்கள், பங்கு போடுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அதன்பிறகு பொதுப் பாத்திகளில் கீரைதான். சிறுகீரையும் தண்டுக்கீரையும் ஒரே நாளில் விதைக்காமல், வாரத்துக்கு ஒரு பாத்தியாக விதைக்கிறோம். 25, 30 நாளில் பிடுங்கிவிடலாம் என்பதால் ஏதாவது ஒரு பாத்தி எப்போதும் பறிக்கத் தயாராக இருக்கும். அரைக்கீரையை அறுக்க அறுக்கத் தழைகிறது. பொன்னாங்கண்ணிக்கு விதைகூட வேண்டாம், தண்டைக் கிள்ளி ஊன்றினால் போதும். கறிவேப்பிலையை எத்தனை பேர் ஒடித்தாலும் பக்கக் கிளை விடுகிறது, யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. குளியலறைத் தண்ணீர் வெளியேறும் இடத்தில் கல்வாழையும் அதை அடுத்து வாழையும் நிற்கின்றன. துணி துவைத்த தண்ணீரை அந்தப் பக்கம் விடுவதில்லை. சோப்புத்தூளின் உப்பு மண்ணைக் கெடுக்கும். வாழை பங்கு போடுவதற்கென்றே பிறந்தது: இலை ஒரு வீட்டுக்கு, பூ ஒரு வீட்டுக்கு, தண்டு ஒரு வீட்டுக்கு, தாரைச் சீப்புச் சீப்பாகப் பிரித்துவிடலாம். தக்காளி வேண்டும் என்கிறவர்கள் மொட்டைமாடியில் தொட்டி வைத்துக்கொண்டார்கள். மாமா அங்கே நிம்மதியாகக் காவல் இருக்கிறார்.

அப்பத்தாவால் தீர்ந்த இன்னொரு வழக்கு அவரை. புதிதாகக் குடிவந்த இளம் தம்பதி சித்திரையில் நாட்டு அவரை ஊன்றியிருந்தார்கள். பந்தல் முழுக்க இலை, பேருக்கு ஒரு பூ இல்லை. விதை விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று அந்தப் பெண்ணுக்குக் கோபம். அப்பத்தா சிரித்தார். “அது பனிக்குக் காய்க்கிறது. வெயிலில் கேட்டால் எங்கே போகும்?” விஷயம் இதுதான்: பந்தலில் ஏறும் நாட்டு அவரை பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கும். ஆடியில் ஊன்றினால் ஐப்பசி மழையில் படர்ந்து, கார்த்திகை, மார்கழியில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். கடையில் கிடைக்கும், கொடி ஏறாத சில குத்து அவரை ரகங்களுக்கு இந்தப் பிடிவாதம் கிடையாது. அந்தக் கொடியை வெட்டாமல் விட்டுவைத்தார்கள். மார்கழியில் காய்த்தது. அதில் முற்றவிட்ட விதையைச் சாம்பலில் புரட்டிப் பாட்டிலில் போட்டு வைக்கக் கற்றுக்கொடுத்ததும் அப்பத்தாதான்.

குனிய முடியாத வயதானவர்களுக்காக இடுப்பு உயரத்துக்குச் செங்கல் வைத்து இரண்டு பாத்தி கட்டினோம். கட்டிக்கொடுத்த கொத்தனார் அடியில் தண்ணீர் வடியத் துளை விட்டார், கீழே உடைந்த ஓடு பரப்பினார். அங்கே புதினா, கொத்தமல்லி, மணத்தக்காளி. முழங்கால் வலியால் தோட்டத்துப் பக்கமே வராமல் இருந்த இரண்டு பாட்டிகள் இப்போது நின்றபடியே களை எடுக்கிறார்கள், நின்றபடியே ஊர்க்கதையும் பேசுகிறார்கள்.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘குழந்தைகளுக்கு இயற்கையைக் காட்டுகிறோம்’ என்று பெரியவர்கள் கூட்டி வரும் நாட்களில் அவர்கள் ஒன்றும் கற்பதில்லை. போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். தானாக வருகிற பிள்ளைதான் கவனிக்கிறது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், பூசணிப் பிஞ்சு வெம்பி விழுவதைப் பார்த்து, காலை ஆறரைக்கே வந்து ஆண் பூவைப் பறித்து இதழை உரித்துவிட்டுப் பெண் பூவில் தடவினான். பூவுக்கு அடியிலேயே குட்டிப் பிஞ்சு இருந்தால் பெண் பூ, வெறும் காம்பு என்றால் ஆண் பூ. பூசணியில் அது பலித்தது. அதே வேலையைப் புடலையில் செய்ய வந்தால் பூ எல்லாம் சுருண்டு கிடக்கிறது. “அத்தை, இந்தப் பூ எப்போதுதான் விரியும்?” என்று கேட்டான். மாலை மயங்கிய பிறகு வந்து பார் என்றேன். டார்ச்சோடு வந்தான். வெள்ளை நூலைப் பிரித்துவிட்டது போல் இதழ் விரிந்து கிடக்க, அந்துப்பூச்சிகள் சுற்றிக்கொண்டிருந்தன. பீர்க்கும் அந்தி சாயும்போதுதான் விரிகிறது என்பதை அவனே கண்டுபிடித்து எல்லோருக்கும் அறிவித்தான். அவனுடைய அம்மாவுக்கு மட்டும் என்மேல் வருத்தம், வீட்டுப்பாடம் கெடுகிறதாம்.

உரத்துக்கு வருவோம். மாசி, பங்குனியில் வேம்பு இலை உதிர்க்கும். முன்பெல்லாம் அதைக் கூட்டித் தெருமுனையில் எரிப்பார்கள், புகையில் கண் எரியும். எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அக்காவிடம் அந்தச் சருகைக் கேட்டோம். சாக்கில் கட்டி வைத்துவிட்டால் ஆண்டு முழுவதற்கும் ஆகும். சமையலறைக் கழிவு ஒரு கூடை என்றால் சருகு இரண்டு, மூன்று கூடை. நடுநடுவே சாணிக் கரைசல். சருகு குறைந்தால் குழியில் நாற்றம் கிளம்பும், ஈ மொய்க்கும். அந்த அக்கா எங்கள் குழியைப் பார்த்துவிட்டு ஒரு மாலையைக் கையில் தூக்கிக் காட்டினார். “பூ மக்கிவிடும் அம்மா, இந்த நைலான் நூல் மக்காது. ஜிகினாவும் மக்காது. உருவிவிட்டுப் போடுங்கள்.” ஐயப்பன் சீசன், கல்யாண சீசன் எல்லாம் கையாண்ட அனுபவம் அவருக்கு. இப்போது எங்கள் வீடுகளில் மாலை வாங்கும்போதே வாழைநாரில் கட்டியதா என்று பார்க்கிறோம். கிடைப்பது அபூர்வம்தான்.

மழைக்காலத்தில் கொசு ஒழிப்புப் பணிக்கு வந்த பெண் ஒருவர், அழகாக அடுக்கிய தொட்டிகளின் அடித்தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். ஒன்றில் புழு நெளிந்தது. டெங்கு பரப்பும் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை, நல்ல தண்ணீர்தான் அதற்கு வேண்டும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஞாயிறுதோறும் தட்டுகளைக் கவிழ்ப்பது இப்போது பிள்ளைகள் வேலை.

மே மாதத்தில் நாங்கள் காய்கறி எதுவும் வைப்பதில்லை. அக்னி நட்சத்திரத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் கடுத்துப்போகும். வருஷம் முழுக்கக் காய்க்க வேண்டும் என்கிற ஆசை மதுரை வெயிலுக்கு ஒத்துவராது. கரும்புச் சோகை, வைக்கோல் எது கிடைத்தாலும் மண் மேல் பரப்பி மூடாக்குப் போட்டுவிடுகிறோம். கோடை மழை ஒன்று விழுந்ததும் பசுந்தாள் உரத்துக்கான சணப்பை விதைத்து, பூக்கிற பருவத்தில் மடக்கி மண்ணுக்குள் மூடினால் ஆடிப் பட்டத்துக்குப் பாத்தி தயார்.

இப்போது ஓடுகிற வழக்கு முருங்கை. அள்ளிக் கொடுக்கிற மரம், அப்பத்தாவின் விதிக்குப் பொருந்துகிறதே என்பது இளைஞர்கள் கட்சி. பெரியகுளத்தில் உருவாக்கிய பி.கே.எம்-1 செடிமுருங்கையை வைத்து, காய்ப்பு முடிந்ததும் ஒரு மீட்டர் உயரத்தில் வெட்டிவிட்டால் யாரும் ஏற வேண்டியதில்லை என்கிறார்கள். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி கும்பலாக அப்பும், பிள்ளைகள் விளையாடும் இடம், வேண்டவே வேண்டாம் என்பது பாட்டிகள் கட்சி. அப்பத்தாவைக் கேட்கலாம் என்றால் அவர் ஊருக்குப் போய்விட்டார். பொது இடத்தில் முருங்கை வளர்த்தவர்கள் யாராவது இருந்தால், பூச்சியையும் காய்ப் பங்கீட்டையும் எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொல்லுங்கள். ஆடி பிறப்பதற்குள் முடிவெடுத்தாக வேண்டும்.