கண்டறியும் எல்லைக்குக் கீழே வரும் மதிப்புகளை என்ன செய்வது?

வணக்கம். மேலூர்ப் பக்கப் பாறைப் பகுதியிலும், சோழவந்தான் பக்கம் வைகை வண்டலிலும் உள்ள கிணற்று நீரில் சுவடு உலோகங்களை (மிகச் சிறு அளவில் இருப்பவை) ஆராய்கிறேன். ஆர்செனிக் அளவுகளில் பாதிக்கு மேல் '<1' என்றுதான் ஆய்வகத்திலிருந்து வந்திருக்கிறது (லிட்டருக்கு மைக்ரோகிராம்); அதாவது, ஆய்வகம் கண்டறியக்கூடிய எல்லையான 1-க்கும் கீழே.

பலரும் எல்லையில் பாதியை, அதாவது 0.5-ஐப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரே எண் திரும்பத் திரும்ப நின்றால் திட்ட விலக்கம் பொய்யாகிவிடும், இல்லாத தொடர்பெல்லாம் முளைக்கும். பூஜ்யம் போட்டால் லாக் எடுக்கவே முடியாது. அந்த மாதிரிகளை நீக்கினாலோ சராசரி ஏறி, நல்ல தண்ணீரும் கெட்டதாகத் தெரியும். ஊர் மக்கள் குடிக்கிற தண்ணீர், அப்படிச் சொல்லிவிடக் கூடாது. குடிநீருக்கான வரம்பு 10 தான்.

எல்லா மாதிரிகளுக்கும் கண்டறியும் எல்லை ஒன்றே என்பதால், இப்படி எல்லைக்குக் கீழான மதிப்புகளையும் சேர்த்துக் கணக்கிடும் கப்லான்-மேயர் முறை பெரிதாக உதவாது. ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளின் 'நாடா' (NADA) தொகுப்பில், கண்டறிந்த மதிப்புகளின் போக்கை வைத்து மற்றவற்றை மதிப்பிடும் ஆர்ஓஎஸ் (ROS) முறை இருக்கிறது, ஆனால் அது லாக்-இயல்புப் பரவலை (லாக் எடுத்தால் மணி வடிவில் அமையும் பரவல்) நம்பி நிற்கிறது. பாறையையும் வண்டலையும் தனித்தனியாகப் பிரித்துச் செய்வதுதான் சரியா? பிரித்தால் வண்டலில் கண்டறிந்த மதிப்புகள் மிகக் குறைவு. அப்புறம், முதன்மைக் கூறு பகுப்பாய்வுக்கு (பல உலோகங்களின் அளவுகளைச் சில கூறுகளாகச் சுருக்கும் முறை) முன் இந்த இடங்களை எப்படி நிரப்புவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.