ஈஸ்ட் செல்லில் கதிர்கோல் கலைவது எவ்வாறு?

கேள்வி: மொட்டுவிடும் ஈஸ்ட் செல்லில், குரோமோசோம்களைப் பிரித்துத் தள்ளிய கதிர்கோல் (நுண்குழல்கள் என்னும் நுண்ணிய புரதக் குழாய்களாலான அமைப்பு), குரோமோசோம்கள் விலகும் கட்டமான அனாஃபேஸ் முடிந்ததும் விரைவில் மறைந்துவிடுகிறது. அது தானாக உதிர்கிறதா, அல்லது கலைப்பதற்கெனத் தனி ஏற்பாடு உண்டா?

மறுமொழி 1: தனி ஏற்பாடு உண்டு; 2010இல் வெளியான ஓர் ஆய்வு அதை மூன்று செயல்களாகப் பிரித்துக் காட்டியது. கதிர்கோலின் இரு பாதிகளை நடுவில் பிணைத்திருக்கும் ஏஸ்1 போன்ற புரதங்களை, சிடிஹெச்1 என்னும் துணைப் புரதத்துடன் இயங்கும் ஏபிசி என்னும் புரதக் கூட்டமைப்பு அழிவுக்குக் குறியிடுவதால், பாதிகள் ஒன்றையொன்று விடுகின்றன. அதே நடுப்பகுதியில் அமர்ந்திருக்கும் ஐபிஎல்1, அதாவது ஈஸ்ட்டின் அரோரா பி கைனேஸ் என்னும் நொதி, நுண்குழல்களை நிலைப்படுத்தும் பிம்1 புரதத்தில் பாஸ்பேட்டை ஏற்றி அதை நுண்குழலிலிருந்து விலக்குகிறது; அதனால் கதிர்கோலின் நீட்சி நிற்கிறது. கைனெசின்-8 வகை இயக்கப் புரதமான கிப்3, நுண்குழலின் கூட்டல் முனையிலிருந்து (வேகமாக வளரும் முனை) அதன் கட்டுமானப் புரதமான டியூபுலினைக் கழற்றுகிறது.

கேள்வி கேட்டவர்: நன்றி. இவற்றுள் ஒன்று பழுதானால் செல் இறந்துவிடுமா?

மறுமொழி 2: ஒன்று மட்டும் பழுதானால் கலைதல் தாமதமாகுமே தவிர, செல் பிழைத்துக்கொள்ளும். இரண்டு சேர்ந்து முடங்கினால்தான் நிலைமை மோசமாகிறது: பழைய கதிர்கோலின் மிச்சங்கள் உறுதியாக நீடித்து, அடுத்த செல் சுழற்சியைப் பெரிதும் பின்னுக்குத் தள்ளுகின்றன. என் பார்வையில், கதிர்கோல் விரைவாகக் கலைக்கப்படுவதற்கு வளர்சிதை மாற்றச் சிக்கனத்தைவிட இதுவே முக்கியமான காரணம். புதிய கதிர்கோலைக் கட்டுவதற்கு அந்த டியூபுலின் திரும்பக் கிடைத்தாக வேண்டும்.

மறுமொழி 3: ஒரு சிறு சேர்க்கை. ஈஸ்ட்டில் உட்கரு உறை பிரிவின்போது முழுமையாகச் சிதைவதில்லை. ஆகவே இவை யாவும் உட்கருவுக்குள்ளேயே நடைபெறுகின்றன. மொட்டுவிடாமல் நடுவில் பிளந்து பெருகும் பிளவு ஈஸ்ட்டிலோ, கதிர்கோலின் நடுப்பகுதியைச் சூழ்ந்த உறை மட்டும் அவ்விடத்தில் திறந்துகொள்வதும் கலைதலோடு இணைந்துள்ளது.