கலக்கும் தொட்டியில் மின்தடை டோமோகிராபி: ஒற்றை முனை அளவீடு போதாதா?

பாளை மாணவி:
அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதிப் பொறியியல் முதுநிலை படிக்கிறேன். 30 செ.மீ. விட்டமுள்ள அக்ரிலிக் தொட்டியில் சாந்தன் கம் (திரவத்தைக் கெட்டியாக்கும் பசை) கரைசலை ரஷ்டன் டர்பைனால் (தட்டைத் தகடுகள் கொண்ட கலக்கும் சக்கரம்) கலக்கி, மேலிருந்து உப்புக் கரைசலை ஊற்றி, கண்டக்டிவிட்டி மீட்டரின் (மின்கடத்துதிறன் அளவி) முனையால் கலப்பு நேரத்தை, அதாவது உப்பு எங்கும் சமமாகப் பரவ ஆகும் நேரத்தை, அளக்கிறேன். முனையைத் தண்டுக்கு அருகில் வைத்தால் ஒரு நேரமும், சுவரோரம் வைத்தால் அதைவிடப் பல மடங்கும் வருகிறது. சுவரில் மின்முனைகள் வைத்துத் தொட்டியின் உட்புறத்தைப் படமாக்கும் மின்தடை டோமோகிராபி இதைத் தீர்க்குமா, அல்லது வண்ணப்படம் தருவதோடு சரியா?

வண்ணார்பேட்டைக்காரன்:
தங்கையே, உங்கள் முனை பொய் சொல்லவில்லை. சாந்தன் கம் கரைசல் ஓரளவு தகைவு (பரப்பின் மீதான விசை) கிடைத்தால்தான் அசையும்; ஆகவே இம்பெல்லரைச் (கலக்கும் சக்கரம்) சுற்றி ஒரு பகுதி வேகமாகச் சுழல, அதற்கு வெளியே உள்ளது ஏறக்குறைய அப்படியே நிற்கும். இரண்டு இடங்களுக்கும் பொதுவான ஒரே கலப்பு நேரத்தை ஒற்றை முனையிடம் கேட்பதுதான் சிக்கல்.

டோமோகிராபியில் தொட்டிச் சுவரின் உட்புறத்தில் ஒரே மட்டத்தில், வழக்கமாக 16 மின்முனைகள் பதிக்கப்படுகின்றன. அடுத்தடுத்த இரண்டின் வழியே மாறுமின்னோட்டம் செலுத்தி, மற்ற அடுத்தடுத்த இணைகளுக்கிடையே மின்னழுத்தத்தை அளந்து, அந்த இணையை ஒரு சுற்று நகர்த்தினால், 16 × 13 ÷ 2 என்ற கணக்கில் 104 தனித்த அளவீடுகள் கிடைக்கும். அவற்றிலிருந்து அந்தக் குறுக்குவெட்டில் மின்கடத்துதிறன் எங்கெங்கே எவ்வளவு என்று கணினி மீட்டெடுக்கிறது. லேசரோ சாயமோ ஊடுருவாத ஒளிபுகாத் திரவத்திலும் இது வேலை செய்யும் என்பதே இதன் பெரிய பலம்.

ஆனால் படத்தின் விளிம்புகளை நம்பாதீர்கள். பிரிதிறன் தொட்டி விட்டத்தில் ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதம்தான். அதாவது உங்கள் தொட்டியில் 1.5 முதல் 3 செ.மீ., நடுவில் இன்னும் மோசம். நேரப்போக்கை நம்பலாம். அதிலும் மட்டத்தின் சராசரியை மட்டும் வரைந்தால் ஏமாறுவோம், ஏனெனில் ஒரு பக்கம் உப்பு குவிந்திருந்தாலும் சராசரி சமநிலைக்கு வந்ததுபோல் காட்டும். புள்ளிகளுக்கிடையிலான திட்ட விலக்கத்தையும் (சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்ற அளவு) சேர்த்து வரையுங்கள்.

முத்துநகர் ஆய்வாளர்:
மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். நீர் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு நாள் தாமிரபரணி நீரும் மறுநாள் ஆழ்துளைக் கிணற்று நீரும் வரும் ஆய்வுக்கூடங்களில் தொடக்க மின்கடத்துதிறனே வேறாகிவிடும். அதோடு, வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் மின்கடத்துதிறன் சுமார் 2 சதவீதம் உயரும்; மே மாத வெயிலில் கொதித்த மேல்நிலைத் தொட்டி நீரைப் பிடித்து உடனே தொடங்கினால், அது ஆறும் வேகமே உங்கள் வரைபடத்தில் கலப்பாகத் தெரியும். நீரைச் சேர்த்து வைத்து, வெப்பநிலை நிலைத்தபின், இம்பெல்லர் சுழலும்போதே, உப்பு ஊற்றுமுன், ஒப்பீட்டு அளவீட்டை எடுங்கள். உப்பைக் கண்டால் சாந்தன் கரைசலின் பாகுநிலையும் மாறும். அதனால் அடிக்கரைசலிலேயே சிறிது உப்பு இருப்பது நல்லது.

கங்கைகொண்டான்:
அண்ணாச்சி, எங்கள் ஆலையில் எஃகுத் தொட்டிதான். மின்முனையைச் சுவரில் பொருத்தினால் மின்னோட்டம் சுவர் வழியே ஓடிவிடாதா?

வண்ணார்பேட்டைக்காரன்:
ஓடும். மின்முனையைச் சுவரிலிருந்து காப்பிட்டாலும், திரவத்தைத் தொடும் எஃகுச் சுவர் மின்னோட்டத்தின் பெரும்பகுதியை ஈர்த்துக்கொள்ளும். சுவரையே பொது மின்முனையாக எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மின்முனையிலிருந்தும் அளக்கும் முறை இருக்கிறது. தொட்டியில் துளையிட விருப்பமில்லை என்றால், மின்முனைகள் வரிசையாகப் பதித்த மின்கடத்தாக் கம்பியை உள்ளே தொங்கவிடலாம். அது முழுக் குறுக்குவெட்டைக் காட்டாது, தன்னருகே உள்ளதை மட்டும் காட்டும். உங்கள் திரவம் மின்சாரத்தைக் கடத்தாத எண்ணெய் என்றால் மின்தடை முறையே பொருந்தாது, மின்தேக்குத்திறன் முறைக்குத்தான் போகவேண்டும். அதற்கும் மின்முனைகளை மின்கடத்தாச் சுவருக்கு வெளியே ஒட்டுவதே வழக்கம். எனவே ஆலைத் தொட்டியைத் தொடுமுன், அதே விகிதத்தில் ஒரு சிறிய அக்ரிலிக் தொட்டியைச் செய்து அதில் பார்த்துவிடுங்கள்.