சுவரில் 55 செ.மீ., வீடியோவில் 18 பிரேம்: எந்தக் கணக்கு சரி?

முட்டம் வாலிபால்:
வணக்கம். முட்டம் பக்கத்தில் உள்ள எங்கள் கடற்கரை ஊரில் மாலை நேரங்களில் பையன்களுக்கு வாலிபால் பயிற்சி கொடுத்து வருகிறேன். ஸ்மாஷ் அடிக்கும் பையன் ஒருவன் முழுதாக ஒரு விநாடி அந்தரத்தில் நிற்கிறான் என்று அணியில் எல்லோரும் உறுதியாகச் சொல்கிறார்கள். அதைச் சரிபார்க்க முனைந்தபோது எனக்கு ஒரு குழப்பம் வந்துவிட்டது.

அவன் சுவரை ஒட்டி நின்று கையை உயர்த்தித் தொட்ட இடத்தையும், ஓடி வராமல் நின்றபடியே குதித்துத் தொட்ட இடத்தையும் சாக்பீஸால் குறித்து அளந்தேன். இடைவெளி 55 செ.மீ. பள்ளியில் படித்தபடி உயரத்தை இரண்டால் பெருக்கி, 9.8 ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, ஏறவும் இறங்கவும் சேர்த்து இரு மடங்காக்கினால் 0.67 விநாடி வருகிறது. ஆனால் அதே குதிப்பை விநாடிக்கு 30 பிரேம் எடுக்கும் செல்போனில் பதிவு செய்து, கால் தரையில் படாத பிரேம்களை எண்ணினால் 20 வர வேண்டிய இடத்தில் 18 தான் வருகிறது. நான்கு முறை எண்ணிவிட்டேன். அந்த இரண்டு பிரேம்கள் எங்கே போயின?

குழித்துறை இயற்பியல்:
முதலில் அந்த ஒரு விநாடியைப் பார்த்துவிடுவோம். நேரம் தெரிந்தால், அதன் வர்க்கத்தை 9.8 ஆல் பெருக்கி எட்டால் வகுத்தால் உயரம் கிடைக்கும். ஒரு விநாடி அந்தரத்தில் இருக்க உடலின் நிறைமையம் 1.22 மீட்டர், அதாவது நான்கு அடி எழும்ப வேண்டும். உங்கள் பையன் ஓடி வந்து எழும்பினாலும் அது நடக்காது. உடல் எடை இந்தக் கணக்கில் வருவதே இல்லை; இந்த வேகத்தில் காற்றின் தடையையும் விட்டுவிடலாம்.

ஆனால் பையன்கள் கண்ணால் கண்டதைப் பொய் என்று தள்ளிவிட வேண்டாம். உச்சியை நெருங்க நெருங்க வேகம் குறைந்துகொண்டே போவதால், குதிப்பவர் தம் நேரத்தில் சரிபாதியை உயரத்தின் மேல் கால்பங்கிலேயே கழிக்கிறார். 45 செ.மீ. குதிப்பு என்றால், 0.6 விநாடியில் 0.3 விநாடி மேலே உள்ள 11 செ.மீ. அளவுக்குள் போய்விடுகிறது. வலைக்கு மேலே ஆள் நிற்பது போலத் தோன்றுவதற்கு இதுவே காரணம். இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

நாகர்கோவில் தடகளம்:
உங்கள் சூத்திரத்தில் பிழை இல்லை. நீங்கள் அளந்த இரண்டு உயரங்களும் வேறு வேறு இடத்தில் தொடங்குகின்றன என்பதுதான் சிக்கல். சுவரில் முதல் கோடு போடும்போது பையனின் குதிகால் தரையில் பதிந்திருக்கிறது. ஆனால் தரையை விட்டுக் கிளம்பும் கணத்தில் அவன் விரல் நுனியில் நிற்பதால், அந்தரத்தில் போவதற்கு முன்பே உடல் ஏறத்தாழ பத்து செ.மீ. உயர்ந்துவிட்டது. சாக்பீஸ் கோடு அதையும் சேர்த்துச் சொல்கிறது. கடிகாரமோ விரல் தரையை விட்ட பிறகுதான் ஓடத் தொடங்குகிறது. முனைவிரலில் நிற்கச் சொல்லி ஒரு கோடு போட்டு, அதிலிருந்து அளந்து பாருங்கள்.

இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முழங்காலை மடக்கி இறங்கினால் கால் தரையைத் தொடத் தாமதமாகும். உடல் பத்து செ.மீ. தாழ்ந்து இறங்கினாலே ஒரு பிரேம் கூடிவிடும், ஆகையால் கிளம்பியது போலவே காலை நீட்டி, விரல் நுனி முதலில் படும்படி இறங்கச் சொல்லுங்கள். அடுத்தது, 30 பிரேம் இந்த வேலைக்குப் போதாது. 18 இல் ஒரு பிரேம் கூடினாலோ குறைந்தாலோ உயரம் 39 செ.மீ. முதல் 49 செ.மீ. வரை மாறும். செல்போனில் 240 பிரேம் ஸ்லோமோஷன் இருந்தால் அதே பிழை ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். கேமராவைத் தரையோடு தரையாக வைத்து எடுங்கள். மணலில் கால் புதைவதால் விரல் எப்போது விடுபட்டது என்று தெரியாது, சிமென்ட் தரைதான் சரி.

தோவாளை வாசகர்:
நம் மாவட்டம் 8 டிகிரி அட்சரேகையில், பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் இங்கே புவியீர்ப்பு முடுக்கம் 9.78 தான்; துருவங்களில் 9.83. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

குழித்துறை இயற்பியல்:
சேர்க்கலாம், தவறில்லை. ஆனால் 45 செ.மீ. குதிப்பில் 9.8 க்குப் பதில் 9.78 போட்டால் கூடும் நேரம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 240 பிரேமிலும் அது தெரியாது.

முட்டம் வாலிபால்:
நேற்று மாலை மீன் ஏலம் முடிந்து கழுவிவிட்ட சிமென்ட் தளத்தில் மீண்டும் செய்து பார்த்தோம். முனைவிரலில் நின்று போட்ட கோடு, பழைய கோட்டுக்குச் சரியாகப் பத்து செ.மீ. மேலே விழுந்தது. அதைக் கழித்தால் 45 செ.மீ., அதற்கு 0.606 விநாடி, 240 பிரேமில் 145 வர வேண்டும். மூன்று முறை குதித்ததில் 143, 145, 146 வந்தது. ஈரத் தரையிலிருந்து விரல் பிரியும்போது அடியில் ஒட்டியிருந்த நீர் நூல்போல் இழுபட்டு அறுவது வீடியோவில் தெளிவாகத் தெரிந்ததால், எந்தப் பிரேமில் எண்ணத் தொடங்குவது என்ற சந்தேகமே எழவில்லை. ஓடி வந்து ஸ்மாஷ் அடிப்பதை ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறோம். இந்த முறை பிரேம்களை எண்ணப் போவது பையன்களே.