அப்பாவின் ஸ்கூட்டர் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது, பரிவாகனில் இல்லை: பெயர் மாற்றத்தை எங்கிருந்து தொடங்குவது?

வைகைக்கரை (கேள்வி)

சென்ற ஆண்டு காலமான என் அப்பாவின் பெயரில் 1998-இல் பதிவான ஸ்கூட்டர் ஒன்று இருக்கிறது. அதன் ஆர்.சி. புத்தகம் முழுவதும் பேனாவால் எழுதப்பட்டது. ஓரங்கள் மடங்கி நடுவில் ஒட்டுப் போட்டிருந்தாலும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் முத்திரையும் கையொப்பமும் தெளிவாகவே தெரிகின்றன. வண்டியை என் பெயருக்கு மாற்ற எண்ணி, மத்திய அரசின் வாகனச் சேவைத் தளமான பரிவாகனில் பதிவெண்ணைக் கொடுத்தால், அப்படியொரு பதிவே இல்லை என்று வருகிறது. வண்டியின் சட்டகத்தில் பொறிக்கும் சேசிஸ் எண்ணின் நடுவில் உள்ள ஒரு வட்டம் பூஜ்யமா, ஆங்கில ஓ எழுத்தா என்பதும் புத்தகத்தைப் பார்த்தால் விளங்கவில்லை. 2013-இல் 15 ஆண்டு முடிந்தபின் அப்பா பதிவைப் புதுப்பிக்கவும் இல்லை. முகவர் ஒருவர் எல்லாவற்றையும் தானே முடித்துத் தருவதாகச் சொல்லி ஒரு பெருந்தொகை கேட்கிறார். நானே அலைந்து முடிக்க முடியுமா, முடியுமானால் எந்த வரிசையில் போக வேண்டும்?

பழைய பதிவேடு (பதில்)

முகவருக்குக் கொடுக்கும் முன் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். இணையத்தில் பதிவு இல்லை என்று வருவதற்கு, வண்டி பதிவாகவே இல்லை என்று பொருளல்ல. கணினிக்கு முன்பு ஒவ்வொரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் தன் வாகனங்களைத் தடித்த பேரேடுகளில் எழுதி வைத்தது. அதைத்தான் நம் ஊரில் பி ரிஜிஸ்டர் என்கிறோம், உங்கள் கையில் உள்ள புத்தகம் அதன் பிரதி போன்றதே. பின்னர் தேசிய தகவலியல் மையம் வாகன் என்ற மென்பொருளை உருவாக்கியது. தொடக்கத்தில் அந்தந்த அலுவலகக் கணினியில் தனித்தனியாகக் கிடந்த தரவுகள், அதன் நான்காம் பதிப்பான வாகன் 4 வந்தபோது, பரிவாகன் தேடிப் பார்க்கும் ஒரே மையத் தொகுப்புக்குள் சென்றன. ஆனால் பழைய பேரேடுகள் எல்லாமே பக்கம் பக்கமாகத் தட்டச்சாகி உள்ளே ஏறிவிடவில்லை. பெயர் மாற்றம், முகவரி மாற்றம், புதுப்பித்தல் என்று ஏதேனும் ஒரு வேலைக்காக அலுவலகப் படியேறிய வண்டிகள் போகிற போக்கில் கணினிக்குள் நுழைந்தன, கொட்டகையிலேயே நின்றவை பேரேட்டோடு அலமாரியில் தங்கிவிட்டன. உங்களுடையது அந்த இரண்டாம் வகையாக இருக்கலாம்.

ஆகவே முதல் வேலை, பேச்சு வழக்கில் பேக்லாக் என்ட்ரி எனப்படும் பழைய பதிவைக் கணினியில் ஏற்றும் வேலைதான். பதிவு செய்த அதே அலுவலகத்துக்கு மூலப் புத்தகத்தோடு சென்று, பி ரிஜிஸ்டருடன் ஒப்பிட்டு ஏற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். சேசிஸ் எண் ஐயத்துக்குப் புத்தகத்தை நம்ப வேண்டாம், இரும்பில் பொறித்திருப்பதே முடிவானது. அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துச் செல்லுங்கள். இன்றைய 17 இலக்க வாகன அடையாள எண்ணில் ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும் இந்தக் குழப்பத்துக்காகவே தவிர்த்திருக்கிறார்கள். பழைய வண்டிகளுக்கு அந்த ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். எழுத்தர் தட்டச்சு செய்ததும், அதிகாரி ஒப்புதல் தரும் முன், திரையில் உள்ளதை ஒருமுறை படித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஒப்புதலுக்குப் பிறகு ஓர் எழுத்தைத் திருத்துவதற்கும் தனி விண்ணப்பம், தனி அலைச்சல்.

இனிஷியல் (பதில்)

நண்பர் சொன்னதோடு பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தமிழ்நாட்டில் அதிகம் சிக்குவது அதில்தான். பழைய புத்தகத்தில் இனிஷியல் எழுத்து முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், வாரிசுச் சான்றிதழில் அதுவே விரிந்து தந்தை பெயராக நிற்கும். மனிதக் கண்ணுக்கு மூன்றும் ஒருவர்தான், கணினிக்கு மூவர். அரசின் மின் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் ஆர்.சி. கிடைக்க வேண்டுமென்றால் ஆதார்ப் பெயரும் வாகனப் பதிவுப் பெயரும் பொருந்த வேண்டும் என்பதால், உங்கள் பெயருக்கு மாற்றும்போது ஆதாரில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள்.

உரிமையாளர் இறந்த நிலையில் விற்பனைக்கான படிவம் 29, 30 பொருந்தாது, உங்களுக்கு உரியது படிவம் 31. இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் தேவை. மற்ற வாரிசுகளின் சம்மதத்தையும் எழுத்தில் கேட்பார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 56-ஆம் விதிப்படி இறப்பை 30 நாளில் தெரிவித்திருக்க வேண்டும். தாமதமாகிவிட்டதால் அதற்கும் ஏதேனும் கட்டச் சொல்லக்கூடும்.

மேலூர் சாலை (பதில்)

கொஞ்சம் மாறுபடுகிறேன். இந்த உழைப்புக்கு வண்டி ஈடாகுமா என்பதை முதலில் கணக்கிடுங்கள். 2021-இல் திருத்தப்பட்ட விதிகள், பதிவைப் புதுப்பிக்கத் தாமதித்தால் இருசக்கர வாகனத்துக்கு மாதம் 300 ரூபாய் கூடுதல் கட்டணம் என்கின்றன. உங்கள் வண்டிக்கு அது எந்தத் தேதியிலிருந்து கணக்காகும் என்பதை அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள், தொகை வண்டியின் விலையைத் தாண்டினாலும் வியப்பதற்கில்லை.

ஆனால் விற்பதென்றாலும் உடைப்பதென்றாலும் பதிவை அப்படியே விட்டுவிடாதீர்கள். நான் பல ஆண்டுகளுக்கு முன் 29, 30 படிவங்களில் கையெழுத்திட்டு ஒருவருக்கு விற்ற பைக்குக்கு, அவர் பெயர் மாற்றாததால், சிக்னலைத் தாண்டியதற்கான அபராதம் இப்போது என் கைப்பேசிக்கு வருகிறது. காகிதக் காலத்தில் யாரும் கண்டுகொள்ளாத ஒன்று, கேமராவும் தரவுத்தளமும் இணைந்ததும் என் வாசலில் வந்து நிற்கிறது. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம், வண்டி பல கை மாறியிருந்தாலும் பதிவேட்டில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது.

வைகைக்கரை

மூவருக்கும் நன்றி. பென்சில் அச்சு எடுத்தேன், அது பூஜ்யம்தான். அலுவலகத்தில் பி ரிஜிஸ்டரைத் தேடி எடுக்க இரண்டு முறை வரச் சொன்னார்கள், மூன்றாம் முறை அப்பாவின் பதிவு பேரேட்டில் கிடைத்தது. பதிவு கணினியில் ஏறிவிட்டது. ஒப்புதலுக்கு முன் திரையைப் பார்க்கக் கேட்டது நல்லதாயிற்று, பதிவு ஆண்டை 1989 என்று தட்டச்சு செய்திருந்தார்கள். கூடுதல் கட்டணத்தின் தொகையைக் கேட்டு வந்த பிறகு, படிவம் 31-ஐக் கொடுப்பதா அல்லது பதிவை முறைப்படி ரத்து செய்வதா என்று அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கிறேன். அம்மா வண்டியை விடச் சம்மதிப்பதாக இல்லை.