தேக்கு அலமாரியில பழைய பெயிண்ட்: காஸ்டிக் சோடா போடலாமா?

மச்சுவீட்டுக்காரன்: "காஸ்டிக் சோடாவைக் கரைச்சுப் பூசுங்க, எனாமல் தோலா உரிஞ்சு வரும், ஆசாரி கூலி மிச்சம்"னு ஒருத்தர் வீடியோ போட்டிருக்கார். பார்த்ததுலேர்ந்து எரிச்சலா இருக்கு. தேக்குல காஸ்டிக் பட்டா மரம் கருத்துடும். தாத்தா காலத்து அலமாரியைக் கெடுக்க இவர் பாடம் நடத்துறார்.

ரம்பம்72: கருக்காது. எங்க வீட்ல பச்சை எனாமல், கோட்டு மேல கோட்டு. காஸ்டிக்தான் போட்டேன். மரம் மரமாத்தான் இருக்கு.

மச்சுவீட்டுக்காரன்: அது தேக்குதானா? வேப்பமரத்துக்குப் பச்சை அடிச்சு வெச்சிருப்பாங்க.

ரம்பம்72: பர்மா தேக்கு சார். பார்த்துப் பேசுங்க.

மச்சுவீட்டுக்காரன்: ஆமா, எல்லார் வீட்லயும் பர்மா தேக்குதான், எல்லாம் கப்பல்ல வந்ததுதான். தேக்குல டானின்னு ஒரு துவர்ப்புப் பொருள் இருக்கு, காஸ்டிக் மாதிரி காரம் பட்டா நிறம் மாறும். அப்புறம் அந்தக் கருப்பை எடுக்க ஆக்ஸாலிக் ஆசிட் தேடி அலையணும். கருக்கும்னா கருக்கும்.

உப்புத்தாள்நேசன்: எதுக்கு இவ்வளவு சண்டை? 80ஆம் நம்பர் உப்புத்தாள், அப்புறம் 120, கடைசியா 220. வேலை முடிஞ்சது.

கொல்லைப்புறம்: காய்ஞ்ச பெயிண்டை அப்படியே தேய்க்காதீங்க. வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்துல 90 பங்கு) தாண்டக் கூடாதுன்னு விதி போட்டதே 2016ல, அமலுக்கு வந்தது 2017 நவம்பர்ல. அதுக்கு முந்தின எனாமல்ல ஈயம் நிறையவே இருக்கலாம், தூசி குழந்தைங்களுக்கு ஆபத்து. வாட்டர் பேப்பர் வாங்கித் தண்ணி தொட்டுத் தேய்ங்க. காஸ்டிக்கா இருந்தா கையுறை, கண்ணாடி கட்டாயம். அலுமினியக் குண்டான்ல கலக்கவே கூடாது, பொங்கும், வர்றது ஹைட்ரஜன். பிளாஸ்டிக் வாளில தண்ணியை ஊத்திட்டு அதுல சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாப் போடணும். சோடா மேல தண்ணி ஊத்தாதீங்க.

ரம்பம்72: நல்ல தகவல், நன்றி. ஆனா கருக்காது.

மச்சுவீட்டுக்காரன்: போன மழையில மொட்டைமாடி ஒழுகினப்போ "கடுக்காயும் சுண்ணாம்பும் போதும்"னு இதே வாயாலதான சொன்னீங்க?

ரம்பம்72: எங்க மாடி இன்னிக்கு வரைக்கும் ஒழுகல. உங்க மாடியில கொத்தனார் சரியில்லன்னா நான் என்ன பண்றது?

மச்சுவீட்டுக்காரன்: என் கொத்தனாரை ஏன் இழுக்குறீங்க? விஷயத்துக்கு வாங்க. ஃபோட்டோ போடுங்க.

ரம்பம்72: இந்தாங்க. கண்ணு நல்லா இருந்தா பாருங்க.

மச்சுவீட்டுக்காரன்: பார்த்தேன். மேல நல்லா அடர்த்தியா பாலிஷ் ஏத்தியிருக்கீங்க, கருப்பு எப்படித் தெரியும்? அதையும் மீறி கீல் ஓரத்துல கன்னங்கரேல்னு இருக்கே, அது என்னவாம்?

ரம்பம்72: அது கீலோட துரு. இரும்பும் ஈரமும் சேர்ந்தா தேக்குல கறை விழும். இதுகூடத் தெரியாம மரத்தைப் பத்திப் பேச வந்துட்டீங்க.

மச்சுவீட்டுக்காரன்: அந்தத் துருவுக்கு ஈரம் எங்கேருந்து வந்துச்சு? காஸ்டிக் தண்ணியிலேருந்துதான?

ரம்பம்72: துரு வேற, காஸ்டிக் வேற. காஸ்டிக்ல கருக்காது.

கொல்லைப்புறம்: உரிச்சதுக்கு அப்புறம் வினிகர் கலந்த தண்ணியால துடைச்சீங்களா? காரம் மரத்துலயே நின்னா அடுத்து அடிக்கிற பாலிஷ் பிடிக்காது.

உப்புத்தாள்நேசன்: எங்க தெருக் கடையில 80 இல்லையாம், 100 இருக்காம். வாங்கட்டுமா?

மச்சுவீட்டுக்காரன்: இருங்க சார், நடுவுல நீங்க வேற. ரம்பம், கதவைத் திறந்து உள்பக்கம் காட்டுங்க. பாலிஷ் அடிக்காத இடம் ஒண்ணே ஒண்ணு போதும் எனக்கு.

ரம்பம்72: உள்ள புடவை அடுக்கியிருக்கு. உங்களுக்காக அதையெல்லாம் எடுத்துக் கீழ வைக்க முடியாது.

மச்சுவீட்டுக்காரன்: தெரியும். கருத்திருக்கும்.