சீக்கிரம் முடித்துவிடும் பிள்ளைக்கு நீங்கள் என்ன கொடுத்தீர்கள்?

மூன்றாம் வகுப்பு ஆசிரியை:

நானே ஆரம்பிக்கிறேன். பன்னிரண்டு வருடமாகத் தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன், அதில் முதல் நாலைந்து வருடம் கெட்டிக்காரப் பிள்ளைகள் விஷயத்தில் தப்பாகவே நடந்திருக்கிறேன். இருபது கணக்கு கொடுப்பேன். மற்றவர்கள் ஐந்தாவதில் இருக்கும்போதே ஒரு பையன் நோட்டைக் கொண்டுவந்து நீட்டுவான், எல்லாம் சரியாக இருக்கும், நானும் சந்தோஷமாக "இந்தா, இன்னும் இருபது" என்று அடுத்த ஒர்க்‌ஷீட்டைக் கையில் திணிப்பேன். ஒரு மாதம் போனதும் பார்த்தால் அவன் வேண்டுமென்றே மெதுவாகப் போட ஆரம்பித்திருந்தான். பென்சிலைச் சீவிக்கொண்டே இருப்பான், ரப்பரைத் துண்டு துண்டாகக் கிள்ளி டெஸ்க்கில் வரிசையாக அடுக்குவான். ஏன்டா கண்ணா என்று கேட்டேன். "சீக்கிரம் முடிச்சா இன்னும் தருவீங்களே மிஸ்" என்றான். எட்டு வயதுப் பிள்ளை! அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கமே வரவில்லை.

அதற்கப்புறம் மாற்றிக்கொண்டேன். ஒர்க்‌ஷீட்டில் இருப்பதிலேயே கடினமான ஐந்து கணக்குக்கு நட்சத்திரம் போட்டுவிடுவேன். யார் வேண்டுமானாலும் அதை முதலில் போட்டுப் பார்க்கலாம், ஐந்தில் நாலு சரியாக வந்தால் மீதியைத் தொட வேண்டியதில்லை. மீத்திறன் மாணவர்களுக்கு என்று பேசும் இடங்களில் பரவலாகச் சொல்லப்படும் முறைதான் இது. ஆனால் "யார் வேண்டுமானாலும்" என்பதை விட்டுவிடாதீர்கள். நான் கணக்கிலேயே சேர்க்காத ஒரு பெண், வகுப்பில் வாயே திறக்காதவள், இரண்டாவது வாரமே ஐந்தையும் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

சரி, மிச்சமாகிற நேரத்துக்கு என்ன? அந்தப் பையனுக்கு ஒரு சின்னத் தாளில் இவ்வளவுதான் எழுதிக் கொடுத்தேன்: ஏதாவது ஒரு எண்ணை எடு, இரட்டைப்படை என்றால் பாதியாக்கு, ஒற்றைப்படை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு, 1 வரும்வரை விடாதே. 26-ஐ எடுத்தான், பத்தே படியில் 1 வந்துவிட்டது. அடுத்த எண்தானே என்று 27-ஐ எடுத்தவன் அந்த பீரியட் முழுக்கத் தலை தூக்கவில்லை. ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது, ஓரிடத்தில் 9232 வரை போய்விடுகிறது, மொத்தம் 111 படி. நடுவில் பெருக்கல் பிசகி இரண்டு முறை ரஃப் நோட்டில் பக்கத்தைத் திருப்பி முதலிலிருந்து ஆரம்பித்தான், நான் பக்கத்திலேயே போகவில்லை. நாலாவது நாள் 1 வந்தது. உடனே கேட்டான், "எல்லா நம்பரும் கடைசியில ஒண்ணுக்கு வந்துடுமா மிஸ்?" கொலாட்ஸ் என்ற கணித அறிஞர் பெயரால் இதைச் சொல்கிறார்கள், 1937-இலிருந்து பேசப்படுகிறது, வரும் என்றுதான் எல்லோரும் நம்புகிறார்கள், இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை என்றேன். "பெரியவங்களுக்கே தெரியாதா?" என்று கேட்டபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ரப்பர் கிள்ளுவது அந்த வாரத்தோடு நின்றது.

ஓர் அம்மா:

மிஸ், நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் மகள் ஞாபகம்தான் வந்தது. நாலாம் வகுப்பு. எல்லாவற்றிலும் முதலில் வருபவள், ஆனால் தப்பு வந்துவிட்டால் அவ்வளவுதான், தாள் ஓட்டையாகும்வரை அழிப்பாள், சில நாள் ஹோம்வொர்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுவாள். கெட்டிக்காரி, கெட்டிக்காரி என்று நாங்கள் எல்லோரும் சொல்லிச் சொல்லியே அவளுக்குப் பயத்தை ஏற்றிவிட்டோம் என்று நினைக்கிறேன்.

அவளுடைய இப்போதைய டீச்சர் ஒரு படம் கொடுத்தனுப்பினார். ஓர் ஆறு, நடுவில் தீவு, மொத்தம் நாலு நிலப்பகுதி, ஏழு பாலம். ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒரு தடவை கடந்து எல்லாவற்றையும் சுற்றி வா. கோனிக்ஸ்பெர்க் நகரத்துப் பாலங்கள் என்ற பழைய புதிர், பலருக்குத் தெரிந்திருக்கும். இரண்டு நாள் கோடு போட்டுப் போட்டுப் பார்த்தாள். மூன்றாம் நாள் கண்ணில் தண்ணீர். எனக்கு டீச்சர் மேல் கோபமே வந்துவிட்டது. மறுநாள் அவர் அவளிடம் விடையைக் கேட்கவே இல்லை, ஒவ்வொரு நிலத்தையும் எத்தனை பாலம் தொடுகிறது என்று மட்டும் எண்ணச் சொல்லியிருக்கிறார். ஐந்து, மூன்று, மூன்று, மூன்று. ஒரு நிலத்துக்குள் ஒரு பாலத்தில் நுழைந்தால் இன்னொன்றில் வெளியேற வேண்டும், அதனால் பாலங்கள் ஜோடி ஜோடியாக இருக்க வேண்டும், புறப்படும் இடமும் முடியும் இடமும் மட்டும் அதற்கு விலக்கு. இங்கே நாலுமே ஒற்றைப்படை. ஆகவே முடியவே முடியாது, 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் என்ற கணித அறிஞர் காட்டியதும் இதைத்தான்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள், "அம்மா, என் தப்பு இல்ல, முடியாதுங்கறதுதான் பதில்!" அன்று சாயங்காலமே எட்டாவதாக ஒரு பாலம் போட்டால் என்ன ஆகும் என்று வரைய ஆரம்பித்தாள். எந்த இரண்டு நிலத்துக்கு நடுவில் போட்டாலும் வழி கிடைத்துவிடுகிறது. ஒன்றை எடுத்துவிட்டாலும் கிடைக்கிறது. அதை அவளாகவே கண்டுபிடித்தாள், அழிரப்பர் பக்கத்தில் சும்மா கிடந்தது.

ஒரு வேண்டுகோள், ஆசிரியர்கள் படிப்பதால் எழுதுகிறேன். போன வருடம் வேறொரு வகுப்பில், முடித்ததும் பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடு என்று இவளை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். எப்போதாவது என்றால் நல்லதுதான், தினமும் அதுவே என்றால் இவள் எப்போது படிப்பது? அந்தப் பிள்ளைக்கும் அது சங்கடம்தானே.

நாலாம் வகுப்பு ஆசிரியர்:

அம்மா சொன்னது நூறு சதவீதம் சரி. "குட்டி டீச்சர்" வேலையை நானும் நிறுத்திவிட்டேன்.

நான் முதலில் வகுப்பு முழுவதற்கும் ஒரு விஷயத்தைக் காட்டிவிடுவேன், யார் விடாமல் பின்னாலேயே வருகிறார்கள் என்று பார்ப்பேன். ரென்சுல்லி என்ற அமெரிக்கக் கல்வி உளவியலாளர் 1978-இல் சொன்ன மூன்று வளையக் கருத்து எனக்கு இதில் ரொம்ப உதவியது: சராசரிக்கு மேலான திறன், படைப்பாற்றல், எடுத்ததை விடாத பிடிவாதம், மூன்றும் சேருமிடத்தைப் பார் என்பார். மார்க் ஷீட்டில் அந்த மூன்றாவது தெரியவே தெரியாது.

ஒரு நாள் நம் நாட்டுக் கணித ஆர்வலர் கப்ரேக்கரின் 6174-ஐ எடுத்தேன். அவரும் பள்ளி ஆசிரியர்தான் என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். நாலு இலக்க எண் ஒன்று, நாலும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது. பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கு, சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கு, கழி, வந்த விடைக்கும் அதையே செய். 3524 என்றால் 3087, 8352, அப்புறம் 6174. எந்த எண்ணில் ஆரம்பித்தாலும் அதிகபட்சம் ஏழு படிக்குள் 6174 வந்துவிடும். ஆளாளுக்கு "எனக்கு வந்துடுச்சு" என்று கத்துகிறார்கள், பின்வரிசையில் ஒருவன் மட்டும் "எனக்கு ஜீரோ வந்திருக்கு சார்" என்றான். டிக்டேஷனில் எப்போதும் தடுமாறுகிற பையன். 2111 எடுத்திருக்கிறான். 2111-இல் 1112 போக 999, அதைத் திருப்பிக் கழித்தால் பூஜ்ஜியம்தானே! நான் திருத்த வாயெடுத்து, நல்லவேளை, அடக்கிக்கொண்டேன். "எல்லாருக்கும் வருது, உனக்கு மட்டும் ஏன் ஓடிப்போச்சு, பாரு" என்றேன். ஐந்து நிமிடம் தாளையே முறைத்துக்கொண்டிருந்தான். "சார், நாலு எலக்கம் வேணும்ல, முன்னாடி ஒரு ஜீரோ நிக்குது, நான் அதை விட்டுட்டேன்" என்றான். 0999 என்று வைத்து மறுபடி போட்டான், 8991, 8082, 8532, 6174. மதியம் அவனே மூன்று இலக்கத்துக்குச் செய்து 495-ஐப் பிடித்துக்கொண்டு வந்தான், நான் சொல்லவே இல்லை.

மூன்றாம் வகுப்பு ஆசிரியை:

சார், நாளைக்கே இதைச் செய்துபார்க்கப் போகிறேன். 2111-ஐ நானே கரும்பலகையில் எழுதிவிடலாமா, இல்லை யாராவது தானாக அதில் போய் விழும்வரை காத்திருக்கலாமா? இன்னொன்று, மொழிப் பாடத்தில் இப்படி நாலு நாள் பிள்ளையைப் பிடித்து வைக்கிற மாதிரி யாராவது செய்திருந்தால் தயவுசெய்து விவரமாக எழுதுங்கள். என்னிடம் இரண்டு பிள்ளைகள் கதைப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு அடுத்தது கேட்டுக்கொண்டே நிற்கிறார்கள்.